வேலை போனாலும் போகட்டும் என்று தியானத்துக்குப் போன கணக்கர்

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறி அரோகரா போட்ட உங்களுக்கு, ஒன்பது நாள் வாயே திறக்காமல் இருப்பது விசித்திரமாகத்தான் படும். பேச்சு, போன், புத்தகம் எதுவும் கிடையாது. விபாசனா முகாம் அப்படித்தான். அது நம் பக்கம் வரக் காரணமானவர் சாமியார் இல்லைங்க, ரங்கூனில் கணக்கு ஆபீஸ் க்ளார்க்காக இருந்த ஊ பா கின்.

1899-ல் பிறந்தவர். கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தும் குடும்பச் சூழல் வேலைக்கு அனுப்பியது. 1937 ஜனவரியில் மூச்சைக் கவனிக்கப் பழகினார். மனசு அதிலேயே நின்றுவிட்டது. முழுசாகக் கற்க, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த விவசாயி குரு சயா தெட்ஜியிடம் கிளம்பினார். குடும்பஸ்தர்தான்; வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்தார்.

வேலை போகவில்லை. 1948-ல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். (எந்த ஆபீஸில் நடக்கும், சொல்லுங்க!) 1952-ல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். ஒற்றைத் தலைவலியோடு வந்த வியாபாரி கோயங்காவிடம், தலைவலிக்காக மட்டும் என்றால் வர வேண்டாம் என்றார்.

புத்தரின் மண்ணுக்கே இதைத் திருப்பித் தரணும் என்பது அவர் ஆசை. அவரால் வர முடியவில்லை. 1969-ல் கோயங்கா வந்து பம்பாயில் முகாம் நடத்தினார், பிறகு சென்னையில். 1971-ல் ஊ பா கின் மறைந்தார்.

இப்போது சென்னை திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை. முதல் மூணு நாள் மூச்சு மட்டும்தான். உடம்பைக் கவனிப்பது நாலாம் நாள்தான்.