கைகுலுக்கலில் நடந்த கணக்கு

லெட் செப்பலின் என்ற ஆங்கில ஹார்ட் றொக் குழுவின் பாடகரைப் பற்றியும் கிற்றார் கலைஞரைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். கணக்காளனான எனக்குப் பிடித்தவர் அதன் முகாமையாளர் பீற்றர் கிராண்ட்.

1935இல் தென் லண்டனில் பிறந்தார். தகப்பன் இல்லாத வீடு. போர்க்காலத்தில் வீட்டைவிட்டு வெளியூருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர், படிப்பும் குழம்பியது. தகரத் தொழிற்சாலை, நாடகமேடை எடுபிடி, வாசற்காவல், மல்யுத்தம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு, இங்கிலாந்து வந்த அமெரிக்கப் பாடகர்களோடு சாரதியாகத் திரிந்தார். மேடையில் வியர்ப்பவன் ஒருவன், காசை எண்ணுபவன் வேறொருவன் என்ற தொழில் அது.

1968இல் ஜிம்மி பேஜ் தொடங்கிய இந்தக் குழுவைப் பொறுப்பேற்றவர், அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். வாசல் வசூலில் 90 வீதம் குழுவுக்கு, 10 வீதம் ஏற்பாட்டாளருக்கு. சம்மதமில்லையா, கச்சேரி இல்லை. 1973இல் அமெரிக்காவின் டாம்பாவில் ஒரே நிகழ்ச்சிக்கு 56,000க்கு மேல் சனம் வந்தது. அப்படியான கூட்டத்தில் பத்து வீதமே பெரிய காசுதான்.

இவ்வளவுக்கும், குழுவுக்கும் அவருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தமே இருக்கவில்லை. கைகுலுக்கியதோடு சரி. என்னிடம் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன்!

சாதுவான மனிதர் என்று சொல்லமுடியாது. 1977இல் ஓக்லண்டில் ஏற்பாட்டாளரின் ஊழியர் தாக்கப்பட்ட வழக்கில் அவரும் தண்டிக்கப்பட்டார். 1980இல் டிரம்ஸ் கலைஞர் ஜோன் பொன்ஹம் இறந்ததும் குழு கலைந்தது. கிராண்ட் சசெக்ஸ் வீட்டுக்குள் பல வருடம் முடங்கிக் கிடந்தார். 1995 நவம்பரில் மாரடைப்பில் காலமானபோது வயது 60.