தேகப்பயிற்சியும் ஹாரி பக் அவர்களும்

கல்வி என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது ஏடும் எழுத்துமேயன்றி ஆடுகளம் அன்று. மைதானத்திற் கழியும் நேரம் பரீட்சைக்குக் கேடு என்பார் இன்றும் பலர். அவ்வெண்ணத்தை மாற்றத் தம் ஆயுளையே செலவிட்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

ஹாரி குரோ பக் என்பார் 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா மாகாணத்திற் பிறந்தவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் ஸ்பிரிங்பீல்டு கலாசாலையிற் பயின்றவர். கூடைப்பந்து 1891இல் தோன்றியது அக்கலாசாலையிலேயாம். அங்கு ஆசிரியராயிருந்த லூதர் குலிக் என்பார் உடல், மனம், ஆன்மா என்னும் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாக அமைத்துக் காட்டினார். ஒரு பக்கம் இன்றேல் முக்கோணம் இல்லை. இக்கொள்கையே பக் அவர்களின் வாழ்விற்கு அச்சாணியாயிற்று.

அவர் 1919இல் இந்தியா வந்தார். அந்நாளைப் பள்ளிகளில் தேகப்பயிற்சியாவது, பெரும்பாலும் முன்னாட் சிப்பாய் ஒருவர் அதட்டப் பிள்ளைகள் கைகால் அசைக்கும் டிரில். அதனால் உடல் வியர்க்கும், உள்ளம் மலராது. ஆசிரியரை முதலில் ஆக்குதல் வேண்டுமெனத் துணிந்த பக், 1920இல் சென்னையில் ஐந்து மாணாக்கரோடு உடற்கல்விப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னர் அது சைதாப்பேட்டையை அடுத்த அடையாற்றங்கரைக்கு மாறிக் கல்லூரியாய் ஓங்கிற்று. இப்பொழுது நந்தனம் எனப்படும் அவ்விடத்தில் அஃது இன்றும் நிலவுகின்றது. மேனாட்டுப் பந்தாட்டங்களோடு நம் நாட்டுச் சடுகுடுவிற்கும் அவர் இடமளித்தார்.

1924இல் பாரிஸ் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே மேலாளர். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றவும் துணைநின்றார். எனினும் அவரது தலையாய தொண்டு, ஊர்தோறும் பள்ளிகளுக்குச் சென்ற ஆசிரியரை உருவாக்கியதேயாம். 1943இல் சென்னையிலேயே அவர் உயிர்நீத்தார்.

ஓட்டமும் ஆட்டமும் ஆன்மாவிற்கு எங்ஙனம் உதவும் எனச் சிலர் வினவலாம். நாள்தோறும் உடலை உழைப்பிப்பவனுக்கு நல்லுறக்கம் வாய்க்கும், கவலை தணியும், படித்தது மனத்திற் பதியும். நடுவர் தவறித் தீர்ப்பளிப்பினும் முகஞ்சுளியாது ஏற்பவன் பொறுமை கற்கின்றான். வென்றபோது தோற்றவன் கையைப் பற்றுபவன் தாழ்மை கற்கின்றான். இவை புத்தகத்தால் மட்டும் வருவன அல்ல.

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். எம்மூராகிய கீழ்பென்னாத்தூரிலிருந்தும் பௌர்ணமிதோறும் மக்கள் திருவண்ணாமலைக்குச் சென்று, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருவர். கால் நடக்க, நாத் துதிக்க, மனம் ஒடுங்குகின்றது. உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டார் திருமூலர். பவுலடியாரும் அங்ஙனமே கண்டார். இருவேறு சமயத்துச் சான்றோர் ஒருங்கே போற்றிய ஒன்றை நாம் புறக்கணித்தல் தகுமோ?

தோழர்காள்! பதக்கம் பெறுவார் சிலரே. பயன் பெறுதற்குரியார் நாம் அனைவரும். மாலை மணி ஒலித்ததும் ஏட்டை மூடி மைதானத்திற்கு வருவோமாக. பக் அவர்கட்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.