எம். கே. தியாகராஜ பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் (மார்ச் 1, 1910 - நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும் கருநாடக இசைப் பாடகரும் ஆவார். எம். கே. டி. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டார். தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரமாகக் கருதப்படுகிறார். பாட்டினால் பெருஞ்செல்வம் ஈட்டிய இவர், அதன் பெரும்பகுதியைத் தம் வாழ்நாளிலேயே இழந்தார்.

இளமை

மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பமொன்றில் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியின் மகனாகப் பிறந்தார். பின்னர் குடும்பம் திருச்சிராப்பள்ளியில் குடியேறியது. அங்கு ரசிக ரஞ்சன சபாவை நடத்திவந்த இரயில்வே அதிகாரி எஃப். ஜி. நடேச ஐயர், சிறுவனின் குரல்வளத்தைக் கண்டு அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் அளித்தார். வயலின் கலைஞர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் பாகவதர் இசை பயின்றார்.

பாட்டும் வருவாயும்

நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்த காலம் அது. 1934 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடி மூலம் திரைக்கு வந்தார். அப்படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இடம்பெற்றன. 1937 இல் வெளிவந்த சிந்தாமணி, அம்பிகாபதி ஆகிய இரண்டும் பெருவெற்றி பெற்றன. திரைப்படம், நாடகம், இசைத்தட்டு, கச்சேரி ஆகிய நான்கு வழிகளிலும் அவருக்குப் பொருள் சேர்ந்தது. நான்குக்கும் முதலாக இருந்தது அவரது குரலே.

சிறைவாசம்

1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சிலின் ஆணைப்படி மேல்முறையீடு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர். இதற்கிடையில், ஒப்பந்தமான படங்களுக்குப் பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தருவதிலும் வழக்குச் செலவிலும் சேர்த்த பொருள் கரைந்தது.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் சொந்தமாகத் தயாரித்த ராஜமுக்தி (1948) தோல்வியடைந்தது. அமரகவி, சியாமளா (1952) ஆகியவையும் பழைய வரவேற்பைப் பெறவில்லை. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதால், நடிகருக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டிய தேவை நீங்கியது. 1957 இல் அம்பிகாபதி கதை மீண்டும் படமானபோது சிவாஜி கணேசன் நடிக்க, டி. எம். சௌந்தரராஜன் பாடினார். இருபது ஆண்டுகளுக்கு முன் பாகவதர் ஒருவரே செய்த பணி இருவருக்குரியதாயிற்று. அதே ஆண்டு அவர் இயக்கி நடித்த புதுவாழ்வும் வெற்றி பெறவில்லை. கச்சேரிகள் மட்டும் தொடர்ந்தன.

மறைவு

உடல்நலம் குன்றிய பாகவதர், 1959 நவம்பர் 1 அன்று சென்னை பொது மருத்துவமனையில் தமது 49 ஆம் அகவையில் காலமானார். அவரது கடைசிப் படமான சிவகாமி 1960 இல் வெளிவந்தது. அவர் நடித்த படங்கள் மொத்தம் 14 மட்டுமே.