வாக்னர் மனைவிக்குக் கொடுத்த பரிசை ஏன் விற்றார்?

'இடில்' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'சின்னப் படம்' என்று பொருள் சொல்வார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தியோக்ரிடஸ் எழுதிய கவிதைகளால் பிரபலமான வடிவம் இது: மேய்ப்பர்கள், மரநிழல், காதல், பாட்டு. கடன்காரர்கள் அந்தப் படத்துக்குள்ள வரமாட்டாங்க.

ஆனா, இசையில் இந்தப் பெயரை நிலைநிறுத்திய ரிச்சர்ட் வாக்னர் வாழ்நாள் முழுக்கக் கடன்காரர்களுக்குப் பயந்து ஓடியவர். 1813-இல் லைப்சிக்கில் பிறந்தார். 1849 டிரெஸ்டன் கிளர்ச்சியில் சேர்ந்ததால் பிடிவாரண்ட், சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். 1864-இல் அவர் கடனை அடைக்க முன்வந்தவர் 18 வயது பவேரிய மன்னர் லுட்விக். 1866 முதல் லூசர்ன் ஏரிக்கரையில் டிரிப்ஷன் வீடு. வாடகையும் மன்னர் கணக்குதான்!

கூட இருந்தவர் கோசிமா. வாக்னரின் இசையை நடத்திவந்த ஹான்ஸ் ஃபான் பியூலோவின் மனைவி. விவாகரத்து கிடைக்கும் முன்பே வாக்னருக்கு மூன்று குழந்தைகள் பெற்றார்; கடைசி மகன் சீக்ஃப்ரீட், 1869. யூதர்களைப் பழித்துப் புனைபெயரில் எழுதிய கட்டுரையை வாக்னர் தன் சொந்தப் பெயரிலேயே மறுபதிப்பு செய்ததும் அதே ஆண்டு, அதே வீட்டில் இருந்தபோது. இதையும் சேர்த்துத்தான் அந்த வீட்டைப் பார்க்கணும்.

1870 ஆகஸ்டில் திருமணம். டிசம்பர் 25 காலை, கோசிமா கண்விழிக்கும்போது மாடிப்படியில் சுமார் 15 கலைஞர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பிறந்தநாள் பரிசு அது. உள்ளே ஒரு தாலாட்டு மெட்டும் உண்டு. டிரம்பெட்டுக்கு 13 பார் மட்டும்தான். வாசித்தவர் ஹான்ஸ் ரிக்டர். 1876-இல் 'ரிங்' நாடக வரிசை முழுவதையும் முதன்முதலில் நடத்திய அதே ரிக்டர்!

அந்த 1876 பைராய்ட் விழாதான் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய 'சீக்ஃப்ரீட் இடில்' 1878-இல் ஷாட் பதிப்பகத்துக்குப் போனது. பெரிய இசைக்குழுவுக்கு ஏற்ப விரித்துக் கொடுத்தார் வாக்னர். கோசிமாவுக்கு அதில் பெரிய வருத்தம். வாக்னர் 1883-இல் வெனிஸில் இறந்தார்.

ஆப்பில் தேடினா இரண்டு வகைப் பதிவும் கிடைக்கும். மாடிப்படியில் ஒலித்தது எப்படின்னு தெரியணும்னா, சின்னக் குழு வாசித்ததைக் கேளுங்க. 20 நிமிஷம்தான்.