யார் இந்த ஏ.ஜி. ராம் சிங்? டெஸ்ட் தொப்பி கிடைக்காத சேப்பாக்கம் நாயகன்!

ரஞ்சி கோப்பையின் முதல் போட்டியே ஒரே நாளில் முடிஞ்சுபோச்சு தெரியுமா? காரணம், ஏ.ஜி. ராம் சிங்.

1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மெட்ராஸ் அணியின் இந்த இடதுகை சுழற்பந்து வீச்சாளர், மைசூருக்கு எதிராக வெறும் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்த்தார். 1910-ல் அமிர்தசரஸில் பிறந்து, மெட்ராஸ்காரராகவே மாறிப்போனவர்.

பேட்டிங்கிலும் கில்லி. ரஞ்சியில் 1,000 ரன், 100 விக்கெட் இரண்டையும் முதலில் எட்டியவர் இவர்தான். ஆனா, இந்திய டெஸ்ட் அணியில் கடைசிவரை இடம் கிடைக்கல.

மனுஷன் அதுக்காக மைதானத்தை விட்டுப் போகல. கோச் ஆனார். பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மகன்கள் கிருபால் சிங், மில்கா சிங் (ஓட்டப்பந்தய வீரர் அல்ல) இருவருமே இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினர். 1955-ல் நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே கிருபால் சதம் அடித்தார்.

அப்பாவுக்குக் கிடைக்காத தொப்பி, 2 பிள்ளைகள் தலையில் ஏறியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ராம் சிங் 1999-ல் காலமானார்.