பனகல் அரசர்

திருப்பதிக்கு அணித்தான காளத்தியில் 1866-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் பிறந்தவர் பனகல் அரசர் இராமராயநிங்கார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவர், சென்னையில் கல்வி பயின்று வடமொழியிலும் தேர்ச்சி பெற்றார்.

1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரிசபையில் ஸ்தல சுயாட்சித் துறையை ஏற்றார். 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக விளங்கினார். தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்குப் பெரும்பான்மை அளித்த 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் வேரூன்றியது இவர் காலத்தில்தான். ஆயினும், நியமன இடங்களைத் தம் கட்சியினருக்கே வழங்கினார் என்ற குறையும் இவர்மீது எழுந்தது. 1928 டிசம்பர் 16-ஆம் நாள் மறைந்தார். சென்னைத் தியாகராய நகர்ப் பூங்கா இவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அந்நாளில் நியமனத்தால் வந்த பதவி, இந்நாளில் நம் வாக்கால் வருகிறது. 1886-இல் நகராட்சியான திருப்பதி 2007-இல் மாநகராட்சியாயிற்று. இங்கே நமக்கு வாக்குரிமை தருவது பிறந்த ஊருமன்று, பேசும் மொழியுமன்று, குடியிருக்கும் வீடே. ஆதலின், புதிதாய் வந்துள்ள நம் இளைஞர்கள் தம் வட்டம் எது, அதன் உறுப்பினர் யார் என அறிதல் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தல் வேண்டும். தெருவிளக்கும் குடிநீரும் கேட்டுப் பெறும் உரிமை அங்கே தொடங்குகிறது.