கணக்கு மெஷின் டீச்சர் கொண்டுவந்த சட்டம்

சட்டம் போடுறவங்க எல்லாம் வக்கீலாகவோ பணக்காரராகவோதான் இருக்கணும்னு நாம நினைக்கிறோம். லெனோர் சல்லிவன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அவரும் நம்மைப் போலத் தொழிற்கல்விப் பக்கத்து ஆள் என்பதே.

1902-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். அப்பா தையற்காரர். வீட்டில் 9 பிள்ளைகள். கல்லூரிக்குப் பணம் ஏது? டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் படித்தார். பிறகு கம்ப்டோமீட்டர் பள்ளி ஆசிரியை ஆனார். கம்ப்டோமீட்டர் என்பது, பட்டனை அழுத்தினால் கூட்டிக் காட்டும் அந்தக் காலத்துக் கணக்கு மெஷின்.

கணவர் ஜான் சல்லிவன் நாடாளுமன்ற உறுப்பினர். 1951-ல் அவர் இறந்தபோது கட்சிப் பெரியவர்கள் அந்த இடத்தை இவருக்குத் தரவில்லை. 1952-ல் போட்டியிட்டு ஜெயித்தார்.

அப்போது அரசாங்கம் விவசாயிகளிடம் வாங்கிய உபரி மாவு, அரிசி போன்றவைதான் ஏழைகளுக்கு உதவியாகப் போய்ச் சேரும். கொடுத்ததைத்தான் தின்னணும். ஏழையும் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கட்டும், அதற்கு ஃபுட் ஸ்டாம்ப் என்ற கூப்பன் கொடுங்கள் என்று 1954 முதல் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார் சல்லிவன். 1959-ல் அனுமதிச் சட்டம் வந்தது. ஐசனோவர் அரசு அதைத் தொடவே இல்லை! 1961-ல் கென்னடி வந்த பிறகுதான் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கப் பகுதியான மக்டவலில் சோதனைத் திட்டம் ஆரம்பித்தது. முதலில் வாங்கியது 15 பேர் கொண்ட குடும்பம். 95 டாலர் கூப்பன்.

நிரந்தரச் சட்டத்தை 1964 தொடக்கத்தில் விவசாயக் குழு கிடப்பில் போட்டது. அம்மா விடுவாரா? நகரத்து உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு, தென்மாநிலத்தார் கேட்ட புகையிலை ஆராய்ச்சி மசோதாவை மறித்தார். கிடப்பில் கிடந்தது தன்னால் வெளியே வந்தது. ஆகஸ்ட் 31-ல் ஜான்சன் கையெழுத்திட்டார். இதைப் பேரம் என்று முகம் சுளிக்கலாம். பத்து வருஷம் நியாயம் பேசிப் பார்த்த பிறகுதானே பேரத்துக்கு வந்தார்?

ஒரு குறை இருந்தது. கூப்பன் சும்மா வராது. வருமானத்துக்கு ஏற்பப் பணம் கட்டி, அதைவிடக் கூடுதல் மதிப்புக்கு வாங்கணும். கையில் காசே இல்லாதவன் என்ன செய்வான்? 1977-ல் வந்த சட்டம்தான் அந்த விதியை எடுத்தது. அந்த வருஷ ஆரம்பத்திலேயே சல்லிவன் ஓய்வு பெற்றுவிட்டார். 1988-ல் காலமானார்.